சோதனைக்கு உடல் தந்தோரும் அவர் பெற்ற பணமும்



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக் கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருகிறோம். அம்மாத்திரை நம் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, நோய் ஏதுமில்லாத யாரோ ஒருவர் அதை விழுங்கிவிட்டு, மணிக்கொரு முறை கையை நீட்டி இரத்தம் கொடுத்துக்கொண்டு, ஒரு கட்டிலில் படுத்திருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மருந்தைக் கண்ட அறிஞரின் பெயர் பாடநூலில் ஏறிவிடுகிறது. கட்டிலில் படுத்திருந்தவரின் பெயர் எங்கும் ஏறுவதில்லை. அவருக்கு ஒரு தொகை கொடுக்கப்பட்டது. அவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு போனார். போய் அந்தப் பணத்தை என்ன செய்தார்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவேயாகும்.

பிறர் தம் பணத்தை எப்படிச் செலவிடுகிறார் என்று பார்ப்பது நாகரிகமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகை வழங்கும் நாள்களைக் கண்டவன் நான். தொகையை வாங்கிய பையன் அன்று மாலை எங்கே போகிறான் என்று பார்த்தால் போதும், அவன் வீட்டு நிலை விளங்கிவிடும். ஒருவன் புத்தகக் கடைக்குப் போவான். மற்றொருவன் நேரே மளிகைக் கடைக்குப் போய்ப் பழைய பற்றைத் தீர்ப்பான். விண்ணப்பத்தில் இருவரும் எழுதியது ஒன்றே. செலவு மட்டும் உண்மையைச் சொல்லும். மருத்துவ ஆராய்ச்சிக்கு உடலைத் தரும் தன்னார்வலரின் கதையும் இத்தகையதே. அவர் ஏன் வந்தார் என்பதை ஒப்புதல் படிவத்தைக் காட்டிலும் அவர் செய்த செலவு தெளிவாகக் கூறும்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், தோல் வணிகரிடம் படகோட்டியாய் வேலை பார்த்த அலெக்சிஸ் சென் மார்த்தன் என்னும் கனடிய இளைஞரின் இடப்பக்கத்தில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமாண்ட் என்னும் படை மருத்துவர் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் வயிற்றுப் புறத்தில் இரைப்பை வரை சென்ற துளை மூடவேயில்லை. செரிமானம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நேரில் காண அதுவே ஒரு சாளரமாயிற்று. பட்டு நூலில் உணவுத் துண்டைக் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டு, சற்று நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார் போமாண்ட். 1832இல் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக்கு உணவு, உறைவிடம், இவற்றோடு 150 டாலர். அதில் 40 முன்பணம், மீதி 110 ஆண்டு முடிவில். பண்ணையாளுக்கு எழுதும் சீட்டுப் போலவே இருக்கிறதல்லவா? 1833இல் வெளிவந்த போமாண்டின் நூல் மருத்துவ உலகில் நிலைத்த புகழ் பெற்றது. சென் மார்த்தனோ கனடாவுக்குத் திரும்பி, மனைவி மக்களோடு வறுமையிலேயே வாழ்ந்து 1880இல் இறந்தார். மருத்துவர்கள் இரைப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சிய குடும்பத்தார், உடல் அழுகும் வரை வைத்திருந்து, பிறகே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தனர். நூற்றைம்பது டாலரில் எது விற்கப்பட்டது, எது விற்கப்படவில்லை என்பதில் அக்குடும்பத்திற்கு ஐயமிருக்கவில்லை.

இனிக் கியூபாத் தீவுக்கு வருவோம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1900ஆம் ஆண்டு, மஞ்சள் காய்ச்சல் எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய வால்டர் ரீட் என்பவர் தலைமையில் அமெரிக்கப் படை மருத்துவர் குழு ஒன்று அங்கே பணியாற்றியது. கொசுவே இந்நோயைச் சுமந்து செல்கிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881லேயே கூறியிருந்தார், உலகம் நம்பவில்லை. நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்து டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அது. குழுவைச் சேர்ந்த ஜெசி லசியர் அக்காய்ச்சலுக்கே பலியானார். அவர் பெயரால் ஒரு முகாம் அமைத்து, மனிதரைக் கொசு கடிக்கவிட்டு மெய்ப்பிப்பது என்று ரீட் முடிவு செய்தார். விலங்குகளில் சோதிக்க அக்காலத்தில் வழி தெரியவில்லை.

முன்வந்தோர் இரு வகையினர். அமெரிக்கப் படையினரும் முகாமில் பணிபுரிந்தோரும் ஒரு வகை. ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்திறங்கிய ஏழை இளைஞர் மற்றொரு வகை. பின்னவரிடம் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினர். சோதனைக்கு உட்பட்டால் 100 டாலர், அதுவும் தங்க நாணயமாக. காய்ச்சல் கண்டுவிட்டால் மேலும் 100 டாலர். இறந்துவிட்டால் அவர் குறிப்பிடும் ஆளிடம் அத்தொகை சேர்க்கப்படும். சோதனை முடியுமுன் முகாமை விட்டு வெளியேறினால் ஒன்றுமில்லை. அக்காலத்தில் அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். ஆக, இருநூறு டாலர் என்பது பதினைந்து மாதச் சம்பளத்தினும் மிகுதி. கியூபாவில் எப்படியும் இந்நோய் உங்களைப் பிடிக்கத்தான் போகிறது, எங்களிடம் இருந்தால் நல்ல மருத்துவமாவது கிடைக்கும் என்ற கருத்தும் அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. சோதனைக்கு உட்படுவோரிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுவதற்கு இது முன்னோடி என்று மருத்துவ வரலாற்றாசிரியர் பாராட்டுவர். பாராட்டத் தக்கதுதான். ஆயினும் அப்பத்திரத்தைப் படிக்கும்போது என் கண் நிற்கும் இடம் வேறு. பணம் யாரிடம் சேர வேண்டும் என்று பெயர் குறிக்கச் சொல்லும் அந்த வரியிலேயே அது நின்றுவிடுகிறது. தாய் பெயரைச் சொல்வதற்காக ஒருவன் வாய் திறக்கும் கணத்தில்தான், தான் எதை விலை பேசுகிறான் என்பது அவனுக்கு முழுவதும் புரிந்திருக்கும்.

முகாமில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சல் கண்டு தூக்கிச் செல்லப்பட்டபோது, மற்ற ஸ்பானிய இளைஞர் சிலர் தங்க நாணய ஆசையை விட்டு முகாமிலிருந்து நடையைக் கட்டினர். அறிவியல் வளர்ச்சியில் அவர்களுக்கிருந்த ஆர்வம் திடீரென வற்றிப் போயிற்று என்ற பொருள்பட ரீட் கிண்டலாகக் குறித்திருக்கிறார். எனக்கு அதில் கிண்டலுக்கு இடம் தெரியவில்லை. கண்ணால் கண்ட பின் கணக்கை மாற்றிப் போட்டவர்கள் அவர்கள். வகுப்பில் கணக்கைத் திருத்திப் போடும் மாணவனை நாம் மெச்சுகிறோமல்லவா?

முன்வந்த அமெரிக்கருள் கிசிஞ்சர், மோரன் என்னும் இருவர் பணம் வேண்டாமென்று மறுத்தே சோதனைக்கு உட்பட்டனர். நல்வாய்ப்பாக அம்முகாமில் யாரும் இறக்கவில்லை. 1929இல் அமெரிக்கச் சட்ட மன்றம் இச்சோதனைகளில் பங்கு கொண்டோருக்குத் தங்கப் பதக்கமும் மாதம் 125 டாலர் உதவிப் பணமும் வழங்கியது. அப்பட்டியலில் ஸ்பானியக் குடியேறிகள் இல்லை. கூலி வாங்கியவனுக்குப் பதக்கம் எதற்கு என்பது உலகின் வழக்கமான எண்ணம். கொசுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்த ஆண்டு, அதே தீவில், கிளாரா மாஸ் என்னும் இளம் செவிலியின் கதை நிகழ்ந்தது. நியூ ஜெர்சியில் ஏழைக் குடும்பத்தில் பல பிள்ளைகளுக்கு மூத்தவராய்ப் பிறந்தவர் அவர். சிறு வயதிலிருந்தே உழைத்துச் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுத்தவர். ஹவானா நகர மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணி வந்த அவர், 1901இல் கொசுக் கடிச் சோதனைக்குத் தம் கையையே நீட்டினார். அங்கும் 100 டாலர்; நோய் கண்டால் மேலும் 100. முதல் முறை இலேசான காய்ச்சலோடு பிழைத்தார். தமக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டதா என அறிய ஆகஸ்டு 14ஆம் நாள் மறுமுறை கடிக்கவிட்டார். ஆகஸ்டு 24ஆம் நாள் இறந்தார். வயது இருபத்தைந்து. பிறந்த வீட்டில் தாயையும் தம்பி தங்கையரையும் தாங்குவதற்கே அவருடைய சம்பாத்தியம் சென்று கொண்டிருந்தது என்பதை அறிந்தால், அந்த நூறு டாலர் போகும் முகவரியும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கியூபா 1951லும் அமெரிக்கா 1976லும் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டன. தலை சேகரிக்கும் மாணவர் தேடிப் பாருங்கள். 13 செண்டுத் தலை அது. அவர் இறந்த செய்தி மக்களிடையே எழுப்பிய கலக்கத்தால், மஞ்சள் காய்ச்சலை மனிதரில் சோதிக்கும் அம்முயற்சி அத்தோடு நிறுத்தப்பட்டது.

துயரக் கதையாகவே சொல்லிச் செல்கிறேன் என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரருகே 1946இல் சளி நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் கட்டி விட்டுச் சென்ற மருத்துவமனைக் கொட்டகைகளே அதன் கட்டடங்கள். சாதாரணச் சளி எதனால் வருகிறது என்று காண வேண்டும். சளி பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தனர். பத்து நாள் தங்கலாம். போக வரப் பயணச் செலவு, உணவு, இருக்கை எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங். மூக்கில் சில சொட்டுகள் விடுவர். அதில் நோய்க்கிருமி உண்டா, வெறும் நீரா என்பது வந்தவருக்குத் தெரியாது. இருவர் மூவராகத் தனித்தனிக் குடியிருப்பில் தங்க வேண்டும். மற்றவரோடு நெருங்கிப் பழகக் கூடாது. வயல்வெளியில் உலாவலாம், ஊருக்குள் போகக் கூடாது. பயன்படுத்திய கைக்குட்டைத் தாள்களையெல்லாம் எண்ணிக் கணக்கெடுப்பார்கள்!

மூன்று ஷில்லிங்கில் யாரும் வீடு கட்ட முடியாது. கடனும் தீராது. ஆயினும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆள்கள் வந்துகொண்டே இருந்தனர்; சிலர் திரும்பத் திரும்ப வந்தனர். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் மூட்டை நிறையப் புத்தகத்தோடு வந்தனர். புதிதாய் மணம் புரிந்த இணையர் தேனிலவுக்கு வந்ததும் உண்டு. இவர்கள் பெற்ற ஊதியம் காசன்று, ஓய்வு. வேளைக்கு உணவு கதவருகே வந்துவிடும். பத்து நாள் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கைச்செலவுக் காசு கைச்செலவாகவே போயிற்று. மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதையும் அங்கே சோதித்தார்கள். வெந்நீரில் குளிக்க வைத்து, ஈரத்தோடு குளிர்காற்றில் நிறுத்திப் பார்த்தார்கள். குளிர் மட்டும் சளியைத் தரவில்லை என்பதே அங்குக் கண்ட முடிவு. பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது உங்கள் பொறுப்பு. இந்நிலையத்தில்தான் டேவிட் டிரெல் என்பாரும் அவர் துணைவரும், ஒரு பள்ளிச் சிறுவனின் மூக்கு நீரிலிருந்து கிடைத்த புதுவகை வைரஸ் ஒன்றைப் பற்றி 1965இல் அறிவித்தனர். பின்னாளில் கொரோனா என்று பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. 2021இல் லண்டனில் இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து கோவிட் கிருமியை மூக்கில் ஏற்றுக்கொண்டபோது, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 4,500 பவுண்டு கொடுத்தார்கள். மூன்று ஷில்லிங்குக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு பாருங்கள்!

இனி, செலவு செய்ததையே புகழாக்கிக்கொண்ட ஒருவர். 1991இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராபர்ட் ராட்ரிகஸ் என்னும் கல்லூரி இளைஞர் சொந்தமாகத் திரைப்படம் எடுக்க விரும்பினார், கையில் காசில்லை. கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒன்றின் சோதனைக்காக ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்தார். 3,000 டாலர் கிடைத்தது. கிடந்த நாளில் சும்மா இருக்கவில்லை; அங்கேயே திரைக்கதையை எழுதி முடித்தார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களுள் ஒருவரைத் தம் படத்தின் வில்லனாகவும் ஆக்கிக்கொண்டார்! ஏறத்தாழ 7,000 டாலரில் முடிந்த அப்படம் ‘எல் மரியாச்சி’. 1993இல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் பரிசு பெற்றது. பெரிய நிறுவனம் வாங்கி வெளியிட்டது. அவரும் பெரிய இயக்குநரானார்.

இக்கதையைக் கேட்டதும் இளைஞர் நெஞ்சம் துள்ளும் என்று அறிவேன். துள்ளட்டும், ஆனால் அது எல்லார் கதையுமன்று. ஜில் பிஷர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர், இத்தகைய சோதனைகளுக்குத் திரும்பத் திரும்பச் செல்வோரிடம் ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகி, 2020இல் ஒரு நூல் எழுதினார். அங்கு வருவோரில் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதி. நிலையான வேலை கிடைக்காதவர், சிறை மீண்டவர் பலர். கடையொன்று வைக்க வேண்டும், கல்வியைத் தொடர வேண்டும், கடனை அடைத்துத் தலை நிமிர வேண்டும் என்றெல்லாம் கனவோடுதான் வருகிறார்கள். பணம் கைக்கு வரும்போது வாடகைப் பாக்கியும் வண்டிப் பழுதும் பிள்ளைச் செலவும் வரிசையில் முந்தி நிற்கின்றன. கனவுக்கு வைத்த பணம் கரைந்ததும் அடுத்த சோதனைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தீபாவளிச் சீட்டுப் பணத்தை வைத்துத் தையல் இயந்திரம் வாங்கலாம் என்று எண்ணியிருந்து, அது பள்ளிக் கட்டணமாய்ப் போவதைக் கண்ட தாய்மாருக்கு இது விளங்கும்.

இதினும் இருண்ட மூலை ஒன்றுண்டு. பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் மருந்துகளையும் களிம்புகளையும், கொடிய நச்சுப் பொருள்களையுங்கூடச் சோதித்தார்கள். சிறையின் மற்ற வேலைகளுக்கு நாள் முழுவதும் உழைத்தால் சில செண்டுகளே கூலி. முதுகைக் காட்டினால் பல டாலர். அப்பணத்தில் சிறைக் கடையில் சோப்பும் புகையிலையும் வாங்கினார்கள். விசாரணைக் கைதிகள் பிணைத்தொகை கட்டினார்கள். தன் தோலைக் கொடுத்துத் தன் விடுதலையை வாங்குவதற்குத் தன்னார்வம் என்று பெயரிட என் நா எழவில்லை. 2022ஆம் ஆண்டில் அந்நகர நிருவாகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் பணமே கொடுக்கலாகாதா? இவ்விடத்தில்தான் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. மிகுதியாகக் கொடுத்தால் ஏழை ஆபத்தை மறந்து பாய்ந்து விழுவான் என்பர் ஒரு சாரார். குறைத்துக் கொடுத்தால் ஆபத்து குறைகிறதா, அவன் வாங்குவது மட்டுமல்லவா குறைகிறது என்பர் மறு சாரார். என் மனம் பின்னவர் பக்கமே சாய்கிறது. 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் புதிய மருந்தொன்றை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினர். எட்டு இளைஞர், ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு வெற்று நீர். ஆளுக்கு 2,000 பவுண்டு. மருந்து ஏறிய சில மணி நேரத்திற்குள் ஆறு பேரும் உடலுறுப்புகள் செயலிழந்து உயிருக்குப் போராடினர். தீவிர மருத்துவத்தால் அறுவரும் பிழைத்தனர். இரண்டாயிரத்திற்குப் பதில் இருநூறு கொடுத்திருந்தால் அம்மருந்து சாதுவாகியிருக்குமா? ஆகாது. ஆறு பேருக்கும் சிறு சிறு இடைவெளியில், முதலாமவருக்கு என்ன ஆகிறதென்று காத்திருந்து பாராமல், அடுத்தடுத்துச் செலுத்தியதே அங்கு நேர்ந்த பெரும் பிழை. அதன் பின்னரே, முதலில் ஒருவருக்குக் கொடுத்துப் பொறுத்திருந்து பார்க்கும் முறை வலியுறுத்தப்பட்டது. ஆபத்தைக் குறைக்க வேண்டியது ஆய்வாளர் கடமை. பணத்தைக் குறைத்து அக்கடமையைச் செய்துவிட்டதாகக் காட்டுவது பொருந்தாது.

இதெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நீங்கள் கருத வேண்டா. நம் நாட்டிலும் பல நகரங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. பெரும்பாலும் அங்கு நடப்பது சமனறி சோதனை. ஒரு நிறுவனம் முதலில் செய்த மருந்தை, உரிமைக்காலம் முடிந்த பின் வேறு நிறுவனங்களும் செய்து மலிவாக விற்கலாம். புதியதும் பழையதும் உடலில் ஒன்றுபோலவே கலக்கின்றனவா என்று காட்ட வேண்டும். நலமுள்ள சிலரை இரு கட்டமாக அழைத்து, ஒரு கட்டத்தில் இதையும், இடைவெளி விட்டு மறு கட்டத்தில் அதையும் கொடுத்து, கை நரம்பில் குழாய் பொருத்தி ஒவ்வொரு கட்டத்திலும் பல முறை இரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்குவதைக் கோடிட்டுப் பார்க்கிறார்கள். நாம் மலிவு விலையில் மாத்திரை வாங்குவதற்குப் பின்னால் இந்தக் கைகள் உள்ளன.

என்னிடம் படித்துப் பின் நகரத்துக் கல்லூரிக்குச் சென்ற மாணவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், அத்தகைய நிலையத்தின் ஒப்புதல் படிவத்தோடு என் வீட்டிற்கு வந்தான். தமிழில் அச்சிட்ட படிவந்தான். ஆனால் வாக்கியங்கள் பத்திர எழுத்தரையும் மயங்க வைக்கும். பென்சிலை எடுத்துக்கொண்டு வரி வரியாக இருவரும் படித்தோம். “பணம் எதற்கடா?” என்றேன். “தேர்வுக் கட்டணத்துக்குங்க ஐயா. மீந்தால் அம்மா தோட்டை மீட்கலாம்” என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்றால் அவன் வாங்க மாட்டான். ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்கச் சொன்னேன். இம்மருந்து மனிதருக்கு முதன்முறையாகக் கொடுக்கப்படுகிறதா, ஏற்கெனவே விற்பனையில் உள்ளதா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் யாது? உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது? இக்கடைசிக் கேள்விக்கு 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள் விடை தருகின்றன. சோதனையால் விளைந்த கேட்டுக்கு மருத்துவமும் இழப்பீடும் அளிப்பது சோதனை நடத்துவோர் பொறுப்பு. நடுவில் விலகினால் என்ன கிடைக்கும் என்பதையும் கேட்கச் சொன்னேன். கியூப முகாமில் நடுவில் போனவனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்ததை அவனுக்குச் சொன்னேன். கடைசி நாள் வரை பணத்தை முடக்கி வைத்தால், தலை சுற்றினாலும் வாய் திறக்காமல் கிடப்பான் மனிதன். அதனால், இருந்த நாள்களுக்கு ஏற்பப் பகுத்துக் கொடுப்பதே நேர்மை என்று இன்று பல நாடுகளின் நெறிமுறைகள் கூறுகின்றன.

முதற்கட்டம் முடிந்து வந்தவன் ஒரு செய்தி சொன்னான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மூன்று வாரத்துக்கு முன்புதான் வேறொரு நிலையத்தில் சோதனை முடித்து வந்தவராம். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் பொதுவாக மூன்று மாதமேனும் இடைவெளி வேண்டும் என்பர். அவரோ கையிலுள்ள ஊசித் தழும்பை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வந்திருந்தார். மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு மாத வட்டி கட்ட வேண்டும். வட்டிக்கு மூன்று மாத இடைவெளி கிடையாது. முன் மருந்தின் மிச்சம் உடலில் இருக்கையில் வேறு மருந்து சேர்ந்தால் அவருக்கும் கேடு. கோடிட்டுப் பார்க்கும் கணக்கும் பொய்த்துப்போகும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி நாளை மாத்திரை விழுங்கப் போகிறவர் நாம். பிரான்சு நாடு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தன்னார்வலர் பெயரை நாடு முழுமைக்கும் ஒரே பதிவேட்டில் ஏற்றி, ஓராண்டில் ஒருவர் பெறும் தொகைக்கும் வரம்பு கட்டியது. இங்கிலாந்திலும் இரட்டைப் பங்கேற்பைக் கண்டுபிடிக்கும் பொதுப் பதிவேடு உண்டு. நம் நாட்டிலும் சில நிலையங்கள் விரல்ரேகை பதிந்து இதைத் தடுக்க முயல்கின்றன. ரேகை அவர் வந்துபோனதைச் சொல்லும். வட்டிக்காரர் வாசலில் நிற்பதைச் சொல்லாது.

என் மாணவன் இரண்டாங்கட்டத்துக்குப் போனபோது, சேர்க்கும் முன் சோதித்த மருத்துவர் அவனுக்கு இலேசான காய்ச்சல் இருப்பதைக் கண்டு, சேர்க்க இயலாதென்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் படிவத்தில் கட்டத்துக்கு இவ்வளவு என்று பகுத்து எழுதியிருந்தபடியால், முதற்கட்டத்திற்குரிய தொகை குறைவின்றி அவன் கைக்கு வந்திருந்தது. மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்று தேர்வுக் கட்டணத்தைக் கட்டி, இரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். தோடு அந்த ஆண்டு அறுவடை முடிந்த பிறகே வீட்டுக்கு வந்தது.